ஊறப்போட்ட பந்து

1998 யூன் 7

அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஒருத்தனைக் கொல்ல வேண்டும்போல இருக்கிறது.

விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பாலையடிச் சனம் ஆண், பெண் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டுமாம். நேற்றுப் பின்னேரம் நாங்கள் எல்லே விளையாடிய அதே மைதானம். போட்ட சுண்ணாம்புக் கோடுகூட அழியவில்லை. பெண்களை ஒரு பக்கமாக இருத்திவிட்டு, ஆண்களை வரிசையாக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடத்தினார்கள். ஜீப்புக்குள் தலையாட்டி இருந்தான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் சும்மா இருந்தால் முன்னால் நிற்கிற ஆள் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறியில் ஏறவேண்டும்.

அண்ணா சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுகிறவன். அவனுக்கும் இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? முன்னால் போய் நின்றான், சாக்கு ஆடியது. அம்மா எழும்பி ஓடப் பார்த்தாள். நான்தான் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

ஜீப் எங்களுக்குக் கிட்டத்தான் நின்றது. சாக்குக்குக் கீழே கால் தெரிந்தது. புதுச் செருப்பு, மண்ணிறத் தோல், பக்கத்தில் பித்தளைக் கொளுவி. நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன். நாசமறுவான், நீ ஆரென்று கண்டுபிடித்து உன்னை அழவைக்காவிட்டால் என் பெயர் சுகிர்தா இல்லை.

யூன் 10

அம்மா இன்றைக்கும் காம்ப் வாசலுக்குச் சோற்றுப் பார்சலோடு போனாள். குகதாசன் என்று ஒருவரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்சலைக் கொண்டுவந்து அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் ஆட்டுக்குக் குழை வெட்டி, தண்ணீர் அள்ளி, அந்தச் சோற்றையே பிரித்துச் சாப்பிட்டேன். அப்பா காய்ச்சலில் செத்தபோதுகூட இந்த வீடு இப்படி இருக்கவில்லை.

யூன் 13

ஊரில் இப்போது ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். சுற்றிவளைப்பு முடிந்தால் எப்போதும் இப்படித்தான். சாக்குக்குள் இருந்தவனின் கால்தான் தெரியும், ஆனபடியால் சந்தையிலும் கோயிலிலும் கண்கள் நிலத்தில்.

நானும் பார்த்தேன். சவர்க்காரம் வாங்க மாணிக்கராசாவின் கடைக்குப் போனேன். மனிசன் படியிறங்கி வெளியே வந்தார். மண்ணிறத் தோல், பித்தளைக் கொளுவி. சவர்க்காரத்தை வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

வேறு ஆராக இருக்கும்? காம்புக்குச் சாமான் கொடுக்கிறவர் அவர்தான். ஆமிக்காரன் அவரோடு சிரித்துச் சிரித்துக் கதைக்கிறதை ஊரே பார்க்கிறது. இந்த ஆளை மாமா, மாமா என்று கூப்பிட்ட வாயை என்ன செய்ய?

ரூபிக்குச் சொன்னேன். அவள் என்னுடைய எல்லே அணி, வாய் காக்கக்கூடியவள். அவள் பயந்துபோய், இதை வெளியில் விட்டுவிடாதே என்றாள். போன வருடம் அடுத்த ஊரில் தலையாட்டி என்று ஒருவனை இயக்கக்காரர் லைற் போஸ்ட் மரத்தில் கட்டிச் சுட்டுவிட்டுப் போனார்கள். கழுத்தில் மட்டை தொங்கியது. மாணிக்கராசாவுக்கு அப்படி நடந்தால் நான் முன்னுக்கு நின்று பார்ப்பேன். ஆனால் அதுக்கு நான் சொல்லவேண்டும், ஆரிடம் சொல்லுகிறது என்று தெரியவில்லை. எனக்குப் பொறுமையும் இல்லை.

யூன் 20

வழி தெரிந்துவிட்டது.

இன்றைக்கு வதனி ரீச்சர் வட்டாரப் போட்டிக்கான அணியைச் சொன்னார். சண்டை என்ன, சுற்றிவளைப்பு என்ன, எல்லே மட்டும் நிற்காது. எங்களுக்கு எதிராக வருவது கன்னியர் மடப் பள்ளிக்கூடம். அவர்களின் அணியில் ஓட்டத்துக்குப் பேர்போனவள் பிரமிளா. மாணிக்கராசாவின் மகள்.

எல்லே தெரியாதவர் இந்தக் கொப்பியைப் படிக்கப்போவதில்லை, என்றாலும் எழுதுகிறேன், எழுதச் சந்தோசமாக இருக்கிறது. மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடிக்கவேண்டும். அடித்தவள் தடியைப் போட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். வழியில் கம்பங்கள் நட்டிருக்கும். கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஓடும்போது பந்தால் எறிந்து, ஆளில் பட்டால் அவுட். தலைக்கு எறியக்கூடாது என்று சொல்லுவார்கள். ஓடுகிறவள் குனிந்தால் எறிகிறவள் என்ன செய்கிறது?

எங்கள் அணியில் எறிகாரி நான். தூரத்தில் நிற்கிற கொய்யாக்காயை எறிந்து விழுத்துவேன். தேப்பன் என் அண்ணாவைத் தின்றான், நான் அவன் மகளின் முகத்தைத் தின்கிறேன்.

யூன் 28

ஒரு பந்தை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். கல்லை மேலே வைத்து அமத்தியிருக்கிறேன்.

யூலை 1

பந்து கல்லுப்போல இருக்கிறது. மேலே புழுதியில் உருட்டிக் காயவைத்தால் ஈரம் தெரியவில்லை. பலா மரத்தில் எறிந்து பார்த்தேன், பட்டை பெயர்ந்தது. அம்மா என்ன சத்தம் என்று கேட்டாள். பலாக்காய் தட்டிப் பார்க்கிறேன் என்றேன். ஒரு காய்கூட இல்லாத மரம். அம்மாவுக்கு அதுகூட ஞாபகத்தில் இல்லை.

யூலை 4

எறிந்துவிட்டேன்!

வட்டாரப் போட்டிக்கு முதல் ஒரு சிநேகிதப் போட்டி, எங்கள் மைதானத்தில். பந்துகளுக்குப் பொறுப்பு நான். விளையாட்டுப் பந்து கிணற்றடிப் பற்றைக்குள் போய்த் தொலைந்தது. தொலைந்தது என்று நான்தான் சொன்னேன். பிரமிளா அடிக்க வந்தபோது மற்றப் பந்தை எடுத்துக் கொடுத்தேன்.

அடித்தாள். ஊறின பந்து எங்கே பறக்கிறது? கிட்டத்திலேயே விழுந்தது. ரூபி பொறுக்கி எனக்கு எறிந்தாள். பிரமிளா இரண்டாவது கம்பத்தை விட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். நான் அவசரப்படவில்லை. கிட்ட வரவிட்டேன். முகத்துக்குத்தான் பார்த்தேன், கடைசி நேரத்தில் திரும்பிவிட்டாள், காதில் பட்டது. தோடு சோணையைக் கிழித்துக்கொண்டு போனது. சட்டை முழுக்க இரத்தம்.

நடுவர் அவுட் கொடுத்தார். எங்கள் பக்கம் கைதட்டினார்கள். எனக்கு மாதக் கணக்கில் பட்டினி கிடந்து சோறு கண்டதுபோல இருந்தது.

பிரமிளா அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து, "நான் உனக்கு என்னடி செய்தனான்?" என்று கேட்டாள்.

"ஓடேக்க பாத்து ஓடு" என்றேன்.

வதனி ரீச்சர் பந்தைப் பொறுக்கிக் கையில் வைத்து நிறை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதை மதிலுக்கு அப்பால் எறிந்தார். ஆஸ்பத்திரியில் காதைத் தைத்தார்களாம். இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வயிறுமுட்டச் சாப்பிட்டேன்.

யூலை 6

அந்த ஆள் எங்கள் வீட்டுக்கே வந்தார். மகளின் காதுக்குச் சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நான் உலக்கையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காம்பில் பெரியவனிடம் அண்ணாவைப் பற்றிக் கேட்டாராம். அங்கேதான் இருக்கிறானாம், உயிரோடு இருக்கிறானாம். இன்னும் கேட்டுப் பார்க்கிறேன் தங்கச்சி, அழாதையுங்கோ என்றார்.

அம்மா கும்பிட்டாள். கும்பிட்டுத் தேத்தண்ணி போட ஓடினாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"செய்யிறதையும் செய்துபோட்டு ஆறுதல் சொல்ல வந்தனீங்களோ? சாக்குக்குள்ள இருந்தது நீங்கள்தானே? இந்தச் செருப்பை நான் கண்டனான்" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, இது என்ர கடையில விக்கிற செருப்பு. போன மாசம் ஆமி வந்து இதில ஒரு சோடி வாங்கினவன். ஆருக்கெண்டு நான் கேக்கேலுமோ?"

பொய். பச்சைப் பொய். கடைக்காரனுக்குக் கதை சொல்லவா தெரியாது? அவர் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். அம்மா எனக்கு அகப்பைக் காம்பால் அடித்தாள். அடிக்கட்டும்.

யூலை 12

இன்றைக்கும் சுற்றிவளைப்பு. அதே மைதானம், அதே ஜீப், சாக்கு.

மாணிக்கராசா ஆண்களின் வரிசையில் நின்றார். வெறுங்கால். அவருக்குப் பின்னால் மகன் ஜெயந்தன், பிரமிளாவின் தம்பி. ஜீப்புக்குள் இருந்தவனின் காலில் அந்த மண்ணிறச் செருப்பு.

ஜெயந்தனுக்குத் தலை ஆடியது. லொறியில் ஏற்றினார்கள். பிரமிளா கத்தின சத்தம் இப்போதும் கேட்கிறது.

நான் வேறொன்றும் பார்க்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

யூலை 13

தலையிடி. பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா காம்ப் வாசலுக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் முற்றம் முழுக்கக் கூட்டினோம், கூட்டினதையே திருப்பிக் கூட்டினோம். ஆட்டுக்கு இரண்டு தரம் தண்ணீர் வைத்தேன்.

மத்தியானம் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலையை நிற்பாட்டாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கால் மெலிஞ்சுபோச்சு, பாத்தனியே."

நான் "ஓம்" என்றேன்.

சரி, எழுதுகிறேன். மறைத்து ஆருக்கு என்ன? அண்ணாவின் வலது காலில் சின்னவிரல் பக்கத்து விரலுக்கு மேலே ஏறியிருக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். செருப்பு போட்டால் அந்த விரல் வாருக்கு வெளியே வந்து நிற்கும். நேற்று வாருக்கு வெளியே வந்து நின்றது. கணுக்கால் முழுக்கக் காயம்.

ஆகவே மாணிக்கராசா சொன்னது உண்மை. அது ஆமியின் செருப்பு. வெறுங்காலோடு பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அதை மாட்டி, சாக்கைப் போட்டு, ஜீப்பில் இருத்துகிறார்கள். முதல் தரம் ஆரின் அண்ணாவோ தம்பியோ. இந்தத் தரம் எங்கள் வீட்டவன்.

இப்போது நான் ஆருக்கு எறிய? சொல்லட்டும், ஆருக்கு?

யூலை 15

தண்ணிப் பைப்படியில் ரூபி ஊர்க்கதை சொன்னாள். தலையாட்டி மாணிக்கராசா இல்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டதாம். ஜெயந்தனைக் காட்டிக் கொடுத்த நாயின் குடும்பமே அழியவேணும் என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் "ஓம், அழியவேணும்" என்றேன்.

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். பிரமிளா அந்தக் காலைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். விரலில் ஏதோ அடையாளமாம், என்னவென்று ஒருவருக்கும் சொல்லவில்லையாம். எங்கே கண்டாலும் விடமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணினாளாம்.

குடம் கனத்தது. இறக்கி வைத்து இறக்கி வைத்துத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

யூலை 20

அண்ணா வந்துவிட்டான்.

மாணிக்கராசாதான் கூட்டிக்கொண்டு வந்தார். மகனைக் கேட்கப் போன இடத்தில் அண்ணாவை விட்டார்களாம். தன்னுடைய சொல்லுக்குத்தான் விட்டார்கள் என்று நம்புகிறார் பாவி மனிசன். உங்கட மோன் வந்தது எனக்கு நல்ல சகுனம் தங்கச்சி, என்ர மோனும் வருவான் என்றார். அம்மா அவர் காலில் விழுந்தாள். நான் அம்மாவைத் தூக்கவில்லை. எனக்கும் விழவேண்டும்போல இருந்தது.

அண்ணா ஒன்றும் கதைக்கவில்லை. கட்டிலில் ஏறி, போர்வையால் காலை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து இருக்கிறான். இந்த ஆடிப் புழுக்கத்தில் போர்வை. அம்மாவும் நானும் ஏன் என்று கேட்கவில்லை.

யூலை 22

ஆராவது விடுதலையாகி வந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எல்லோரும் படத்தோடு வருவார்கள். உள்ளே இவனைக் கண்டனியோ, அவனைக் கண்டனியோ என்று கேட்க. நேற்றும் இன்றைக்கும் வாசல் நிறையச் சனம். நான் கட்டில் காலடியில் காவல்நாய் மாதிரி நின்றேன். போர்வை விலகினால் இழுத்துவிட்டேன். காய்ச்சல், கூதல் என்று எல்லோருக்கும் ஒரே பொய்.

பின்னேரம், சனம் போனபிறகு பிரமிளா வந்தாள். காதில் தையல் இன்னும் இருக்கிறது. அவளைக் கண்டவுடன் நான் முகத்தைத் திருப்பினேன். அவள் வந்து என் கையைப் பிடித்தாள். "நீ கேட்டதை அப்பா சொன்னவர். இப்பதான் எனக்கு விளங்குது. நான் எண்டாலும் எறிஞ்சிருப்பன்" என்றாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பிறகு அண்ணாவிடம் போனாள். "குகன் அண்ணா, எங்கட ஜெயந்தனை உள்ள கண்டனீங்களோ? அடிக்கிறாங்களோ?"

அண்ணா சுவரையே பார்த்தான். அவள் திரும்பவும் கேட்டாள். படத்தைக் காட்டினாள், அவனுக்குத் தெரியாத முகம்போல. நான் கூதல் என்று தொடங்கினேன். அண்ணா என்னைக் கையால் தள்ளிவிட்டு, தானே போர்வையை எடுத்தான். காலை நீட்டினான். நீட்டி அவளுக்கு முன்னால் வைத்தான்.

"அடிச்சவங்கள். தாங்கேலாமல் போச்சு" என்றான். வந்தபிறகு அவன் வாயால் வந்த முதல் கதை அது.

பிரமிளா காலைப் பார்த்தாள். படத்தைப் பாவாடைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு, படலையைத் திறந்து போனாள். போகும்போது படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

யூலை 24

இன்னும் அவள் சொல்லவில்லை. படலை கிரீச்சிடும்போதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் உயிர் போய் வருகிறது. சொன்னால் அண்ணாவும் போஸ்ட் மரத்தில்தான். முன்னுக்கு நின்று பார்ப்பேன் என்று எழுதினேனே, விசரி.

போய்க் காலில் விழுந்து கெஞ்சலாமா என்று நினைத்தேன். எந்த முகத்தோடு? அவளுடைய காது கிழிந்தபோது வயிறுமுட்டத் தின்ற முகத்தோடா? நாளைக்கு வட்டாரப் போட்டி. போகமாட்டேன் என்றேன். அம்மா போ என்றாள். போகாவிட்டால் சனம் யோசிக்கும் என்றாள்.

யூலை 25

வாய் வீங்கியிருக்கிறது, முன்பல் ஒன்று பாதியில் உடைந்துவிட்டது. கைக்கு ஒன்றும் நடக்கவில்லை, எழுதுகிறேன்.

பிரமிளா வந்திருந்தாள். ஒருத்தரோடும் கதைக்கவில்லை. நான் அடிக்கப் போனபோது அவள் மூன்றாவது கம்பத்தடியில் நின்றாள். அடித்தேன், நல்ல அடி. முதல் கம்பம் தாண்டி, இரண்டாவதும் தாண்டினேன். அதுக்குள் பந்து அவள் கைக்கு வந்துவிட்டது. திரும்பி ஓடி இரண்டாவது கம்பத்தைத் தொட்டிருக்கலாம். ரீச்சர் திரும்பு, திரும்பு என்று கத்தினார். நான் நின்றேன். அவளுக்கு நேரே திரும்பி நின்றேன்.

தயவு பார்ப்பாள், மெல்லமாகப் போடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் இரண்டடி முன்னால் வந்து முழுப் பலத்தோடும் எறிந்தாள். வாயில் பட்டது. உலர்ந்த பந்துதான், ஆனால் கை அப்படி. கண் இருண்டு முழங்காலில் விழுந்தேன்.

பந்து எனக்குப் பக்கத்தில் கிடந்தது. பொறுக்கி அவளிடம் நீட்டினேன். இன்னும் எறி என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் வாங்கவில்லை. குனிந்து, ஆட்கள் பார்க்கத் தூக்கிவிடுகிற மாதிரி என் தோளைப் பிடித்தாள். காதுக்குள் சொன்னாள்.

"நாளைக்குக் காலமை அப்பாட்டச் சொல்லுவன். அப்பா ஆரிட்டச் சொல்லுறாரோ எனக்குத் தெரியாது. உன்ர கொண்ணனை இண்டைக்கே எங்கயெண்டாலும் அனுப்பு."

"பிரமிளா, கும்பிட்டன்…" என்றேன்.

"சொல்லுவன்" என்றாள். "என்ர தம்பி உள்ள இருக்கிறான்."

போட்டி முடியமுதல் வீட்டுக்கு ஓடிவந்தேன். பிரமிளா சொன்னதைக் கேட்டவுடன் அம்மா ஒரு பையில் இரண்டு சாரமும் ஒரு சட்டையும் போட்டாள். புத்தளத்தில் சின்னம்மா வீடு இருக்கிறது. காம்பில் கொடுத்த விடுதலைத் துண்டு இருந்ததால் சோதனைச் சாவடியில் மறிக்கவில்லை. பின்னேர பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அண்ணா போகமாட்டேன் என்றுதான் நின்றான். வரட்டும், சுடட்டும் என்றான். அம்மா அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், அதுக்குப் பிறகுதான் ஏறினான். யன்னலால் எட்டிப் பார்த்து உன்ர வாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டான். விளையாட்டில் பட்டது என்றேன்.

யூலை 26

சொல்லிவிட்டாள்.

வெயில் ஏறமுதல் மாணிக்கராசா படலைக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. குகன் எங்கே என்று கேட்டார். போயிட்டான், ஊரில இல்லை என்றாள் அம்மா. அவர் திரும்பிப் போனார். பத்து மணிபோல வேறு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஊர் ஆட்கள் இல்லை. வீட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் ஆட்டுக் கொட்டிலிலும் தேடினார்கள். கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் என் வாயைப் பார்த்து ஆர் அடித்தது என்று கேட்டான், பந்து பட்டது என்றேன். எப்போது போனான், எந்தப் பக்கம் போனான் என்று அம்மாவை உலுக்கிக் கேட்டார்கள். அம்மா வாய் திறக்கவில்லை.

பின்னேரம் தண்ணிக்குப் போனேன். என்னைக் கண்டு ரூபி குடத்தை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டாள். எங்கள் சுவரில் ஆரோ சாணி எறிந்திருக்கிறார்கள். கழுவினேன்.

பிரமிளாமேல் எனக்குக் கோபம் வரவேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வரவில்லை. அவள் எனக்கு ஒரு நாள் தந்தாள். நான் என்றால் தந்திருக்கமாட்டேன்.